ஜீன்ஸ் லேபிளில் துணியின் எடையையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜீன்ஸ் தேர்வு பற்றி இரண்டு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒல்லியானவர்களுக்கு எது பொருந்தும், உயரம் குறைந்தவர்கள் எதைத் தவிர்க்க வேண்டும், இந்த ஆண்டு எந்த நீலம் எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தது. படங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் துணியைப் பற்றி ஒரு வரி இல்லை; தையலைப் பற்றி அரை வரிகூட இல்லை. படங்களில் இருந்த அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை, குந்தவில்லை, வண்டியில் காலைத் தூக்கிப் போடவில்லை.

நான் ஆல்டரேஷன் தையற்காரி. புதுத் துணி தைப்பதில்லை. கிழிந்தது, இறுகியது, நீளமானது, ஜிப் போனது, இவைதான் என் மேஜைக்கு வரும். அதிலும் பெரும்பங்கு ஜீன்ஸ். கடைக் கண்ணாடி முன்னால் ஆசையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து வாங்கியவர்கள், பிறகு என்னிடம் எந்த இடத்தை விரித்துக் காட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இந்தக் கடிதம்.

முட்டிதான் முதலில் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னிடம் வருவதில் முதல் இடம் கவட்டைக்கு. நான்கு துணித் துண்டுகள் வந்து சேரும் அந்த இடத்திலிருந்து உள்தொடைப் பக்கம் நான்கு விரற்கடை தூரத்துக்குள்தான் பெரும்பாலும் கிழிந்திருக்கும். நடக்கும்போது தொடையோடு தொடை உரசுகிறது. உட்காரும்போதும் காலை அகட்டும்போதும் மொத்த இழுப்பும் அங்கேதான் விழுகிறது. வியர்வையும் அழுக்கும் தங்குவதும் அங்கேதான். தையல் பிரிந்து வருவது குறைவு. தையலுக்குப் பக்கத்தில் துணியே தேய்ந்து, சல்லடையாகி, ஒரு நாள் படாரென்று போய்விடுகிறது. “வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலக்கா” என்று எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் நீட்டிய பேன்ட்டைப் பார்த்தேன். தையல் அத்தனையும் பத்திரமாக இருந்தது. துணிதான் இல்லை.

அது ஏன் என்று புரிந்துகொள்ள, ஜீன்ஸ் துணியான டெனிமை நெய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு நீலச் சாயம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலாகப் போய் ஒன்றுக்குக் கீழே நுழையும். அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது. சாய்வான கோடும் அதனால்தான். உராய்வை முதலில் வாங்குவது மேலே கிடக்கும் நீல நூல். அது அறுந்தபின் குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி மிஞ்சி நிற்கும். முட்டி கிழிந்த ஜீன்ஸில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆக, நூல் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறது என்பதில்தான் ஆயுளில் பாதி இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது: துணியின் எடை.

டெனிம் மில்கள் துணியை அவுன்ஸ் கணக்கில்தான் பேசும். ஒரு சதுர கஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்பது அந்த எண். 10 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம். 12 என்றால் சுமார் 400. 14 என்றால் 475 வரை. பத்துக்குக் கீழே லேசான ரகம். 12 முதல் 14 வரை நாள் முழுக்க உழைக்கிறவர்களுக்கு ஏற்றது. பதினாறுக்கு மேலும் உண்டு. புதிதில் அட்டையைக் கட்டிக்கொண்டது போல விறைப்பாக இருக்கும், பழகப் பல மாதம் ஆகும். வெயிலில் வேலை செய்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். எடை அதிகம் என்பதால் மட்டும் நல்ல துணி ஆகிவிடாது. மட்டமான பஞ்சிலும் தடித் துணி நெய்யலாம். ஆனாலும் ஏணியில் ஏறுகிறவரும் மூட்டை தூக்குகிறவரும் 9 அவுன்ஸ் ஜீன்ஸை வாங்கிவிட்டு “பிராண்டு மோசம்” என்று திட்டுவதைக் கேட்கும்போது, அந்த எண் லேபிளில் இருந்திருந்தால் அவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார் என்று தோன்றும்.

லேபிளில் அது இருப்பதில்லை என்பதுதான் என் குறை. பருத்தி எத்தனை சதவீதம், பாலியெஸ்டர் எத்தனை என்பதைப் பல நாடுகளில் சட்டப்படி அச்சிட வேண்டும். எடையை அச்சிடு என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனிக்கு அது தெரியாமல் இருக்காது. மில்லில் துணி வாங்கும்போதே எடை சொல்லித்தான் வாங்குகிறார்கள். சில தடித்துணி ரசிகர்களுக்கான பிராண்டுகள் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. வேலைக்குப் போட்டுப் போகிறவர் வாங்கும் ஜீன்ஸில்தான் அது காணாமல் போகிறது.

அடுத்தது ஸ்ட்ரெச், அதாவது இழுத்தால் நீளும் துணி. இதில் நான் கொஞ்சம் கறாரான ஆள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லேபிளில் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று எந்தப் பெயர் இருந்தாலும் சரக்கு ஒன்றுதான். 1958இல் டூபான்ட் கம்பெனியின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழை. பொதுவாக ஊடை நூலுக்குள் மெல்லிய கம்பியாக இதை வைத்துச் சுற்றிலும் பஞ்சை நூற்றுவிடுவார்கள். ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே உட்கார எழ எவ்வளவு சுகம் என்பதை நான் மறுக்கவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர், நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர், வயிறு இறுக்கினால் சாப்பிடவே முடியாதவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த இழைக்குச் சூடு ஆகாது, குளோரின் ப்ளீச் ஆகாது. சூடான டிரையரும் கொதிக்கும் இஸ்திரியும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சாகும். அப்புறம் முட்டி புடைத்தது புடைத்தபடியே நிற்கும், பின்பக்கம் தொங்கும், துணியின் மேல் மயிரிழை போலச் சுருண்ட வெள்ளை நூல் எட்டிப்பார்க்கும். அந்த நிலைக்கு வந்த பேன்ட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கிழிந்ததைத் தைக்கலாம், செத்த இழையை எப்படித் தைப்பது?

நூறு சதவீதப் பருத்தி முதல் சில வாரம் முரண்டு பிடிக்கும். பிறகு உடம்புக்கு ஏற்பத் தளரும். பேன்ட் இடுப்பில் கொஞ்சம் தளரும் என்பதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் கடையில் சரியாக இருந்தால் அதுதான் அதன் சிறந்த நாள், முழுப் பருத்தி அப்படியல்ல.

வெல்டிங், கிரைண்டிங், அடுப்பு வேலை செய்கிறவர்களுக்கு இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. பாலியெஸ்டரும் எலாஸ்டேனும் உருகும். உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும்தான், தீ தாங்கும் உடை என்று அதை நினைத்துவிடக் கூடாது. ஆனால் உருகி ஒட்டாது. பொறி பறக்கும் இடத்தில் கால் மடிப்பை வெளியே சுருட்டிவிடாதீர்கள், பொறி போய் அதற்குள் உட்காரும். மின்வேலை செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: மின்பொறி தெறித்தால் உருகும் துணி உடம்பில் இருக்கக் கூடாது. இவர்களுக்கு முழுப் பருத்தி, தடித்த துணி, தளர்வான அளவு. ஃபேஷன் பக்கத்தில் இது வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஃபேஷன் பக்கத்தைப் படித்துவிட்டு ஜீன்ஸ் வாங்குகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்களே.

தையலுக்கு வருகிறேன். கடையில் ஜீன்ஸை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்கால் தையலும் பின்பக்க நடுத் தையலும், இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, மேலே இரண்டு வரிசை ஓட்டியதாக இருக்க வேண்டும். பிசிறு வெளியே தெரியவே தெரியாது. அது பிரிவது அபூர்வம். வெளிக்காலில் ஓவர்லாக், அதாவது ஓரப் பிசிறை நூலால் சுற்றிப் பிணைக்கும் தையல், அடித்திருப்பது சகஜம், அதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் உள்காலிலும் பின்பக்கத்திலும் ஒரே ஒரு வரிசைத் தையலும் ஓவர்லாக்கும் மட்டும் என்றால் அதை வேலைக்கு வாங்காதீர்கள்.

பெல்ட் லூப்பின் இரு முனை, பாக்கெட் மூலை, ஜிப் முடியும் இடம், இங்கெல்லாம் நெருக்கமாக, குறுக்கே கட்டி போல ஒரு தையல் இருக்கும். பார்டாக் என்போம். நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். நூல் எழும்பினால் அது நிற்காது. பேன்ட்டைத் தூக்கிவிட லூப்பில் விரலை விட்டு இழுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு; லூப் பிய்யும்போது இடுப்புப் பட்டித் துணியையும் ஒரு துளை பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

ரிவெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் செம்பு ஆணி அடிக்கலாம் என்று யோசித்தவர் ஒரு தையற்காரர்: அமெரிக்காவின் நெவாடாவில் இருந்த ஜேக்கப் டேவிஸ். மரம்வெட்டி ஒருவரின் மனைவி, கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று கேட்டு வந்ததில் தொடங்கியது. துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பின்பாக்கெட் ரிவெட் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று புகார் வரவே, 1937இல் அதைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960களில் அங்கே பார்டாக் வந்துவிட்டது. உழைக்கிறவர் எங்கே கிழித்தார் என்று பார்த்துப் பார்த்து உருவான உடை இது. இப்போது பாக்கெட் மூலையில் அலங்காரத்துக்கு ஒட்டிய பொய் ரிவெட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் கோபம்தான் வருகிறது.

போட்டுப் பார்ப்பதில் கண்ணாடியை நம்பாதீர்கள். டிரையல் ரூமுக்குள்ளேயே குந்துங்கள். ஒரு காலை ஸ்டூல் உயரத்துக்குத் தூக்குங்கள். செருப்பை எடுப்பது போலக் குனியுங்கள். இடுப்புப் பட்டி பின்னால் இறங்கி முதுகு தெரிந்தால் ரைஸ், அதாவது கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள அளவு, போதவில்லை. முட்டிக்கு மேலே துணி பலகை போல இழுபட்டால் தொடை அளவு போதவில்லை. கவட்டைத் தையல் உடம்பை ஒட்டி, ஆனால் இறுக்காமல் இருக்க வேண்டும். அது மிகவும் இறங்கித் தொங்கினால் சுகம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த பேன்ட்டையும் இழுத்துக்கொண்டு தூக்க வேண்டியிருக்கும். சில வேலை ஜீன்ஸ்களில் கவட்டையில் வைர வடிவத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டாது, இழுப்பு பரவிவிடும். அது கிடைத்தால் விடாதீர்கள்.

இதில் என்னுடைய முக்கியமான யோசனை ஒன்று: தொடைக்குப் பொருந்துவதை வாங்கி, இடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பின் நடுவில் பிரித்து இடுப்பை ஒன்றிரண்டு இன்ச் பிடிப்பது எனக்குச் சின்ன வேலை. இறுகிய தொடையைத் தளர்த்துவது என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. மடித்துத் தைத்த தையலுக்குள் விடுவதற்குத் துணி இருக்காது. இடுப்பு எண்ணை நம்பி வாங்குவதால் வரும் வினை இது. 32 என்று போட்டிருப்பதை இன்ச் டேப்பால் அளந்தால் 34 வருவதுண்டு. வீட்டில் நன்றாகப் பொருந்தும் பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து இடுப்பு, தொடை, முன் ரைஸ், உள்கால் நீளம் நான்கையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் அதுதான் வழி.

நரை விழுந்த தொடையும் கிழிந்த முட்டியுமாகவே விற்கும் ஜீன்ஸைப் பற்றி: விருந்துக்குப் போட்டுப் போகலாம், வேலைக்கு வேண்டாம். கல்லோடு சேர்த்து உருட்டியும், என்சைம் விட்டும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்தும்தான் அந்தப் பழமையைக் கொண்டுவருகிறார்கள். அத்தனையும் நூலைத் தின்னும். ஆயுளில் ஒரு பகுதியைக் கம்பெனியே தீர்த்துவிட்டு மிச்சத்தை விற்கிறது. முன்பு மணலை வேகமாகப் பீய்ச்சி வெளுக்க வைத்தார்கள். அந்தச் சிலிக்கா தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. துருக்கி 2009இல் அந்த முறையையே தடை செய்தது. முட்டியில் வெளுத்த ஜீன்ஸைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

துவைப்பது பற்றி இரண்டே வார்த்தை. 2014இல் லீவைஸ் கம்பெனியின் அப்போதைய தலைவர் சிப் பெர்க், தான் போட்டிருந்த ஜீன்ஸ் இன்னும் வாஷிங் மிஷினைப் பார்த்ததில்லை என்று ஒரு மேடையில் சொல்லப் போக, ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது. மேடையில் உட்கார்ந்து பேசுகிறவருக்குச் சரி. சிமென்ட்டும் மண்ணும் வியர்வையும் ஏறிய பேன்ட்டை அப்படியே போட்டால் அந்த மணலே உள்ளிருந்து நூலை அறுக்கும். அழுக்கானால் துவையுங்கள்: உள்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், ப்ளீச் இல்லாமல், நிழலில் காயவிட்டு. அழுக்காகாத நாளில் காற்றாட மாட்டி வைத்தால் போதும்.

பெண்கள் ஜீன்ஸின் பாக்கெட்டுக்குத் தனிக் கடிதமே எழுதலாம். 2018இல் ‘தி புட்டிங்’ என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்களின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு. நர்ஸ் ஒருவர், கூரியர் கொடுக்கும் பெண் ஒருவர், பள்ளி ஆசிரியை, யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: “போன் உள்ளே போற மாதிரி செஞ்சு குடுங்க.” பாக்கெட் பையை அடியில் பிரித்து, கெட்டியான பருத்தித் துணி சேர்த்து இறக்கிக் கொடுக்கிறேன். அரை மணி நேர வேலை. தொழிற்சாலையில் வெட்டும்போதே செய்தால் ஒரு சாண் உள்துணிதான் கூடுதல் செலவு. ஆண்களுடைய பாக்கெட் ஆழமாக இருந்தாலும் பை மெலிசு. சாவிக்கொத்து வைக்கிறவர்கள் வாங்கும்போதே விரலை உள்ளே விட்டுத் துணியைத் தடவிப் பாருங்கள்.

ஆசிரியரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஜீன்ஸ் பக்கம் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே விலையோடு துணியின் எடையையும் நூலின் சதவீதத்தையும் போடுங்கள். கம்பெனி சொல்ல மறுத்தால் ‘சொல்ல மறுத்துவிட்டது’ என்று போடுங்கள். படிக்கிறவர்கள் கடையில் போய் அதைக் கேட்கத் தொடங்கினால் லேபிளில் வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. சட்டம் போடுகிறவர்களும் நூலின் பெயரோடு எடையையும் கட்டாயமாக்கலாம். அச்சில் ஒரு வரிதான் கூடும்.

கிழியும் வரை காத்திருக்காமல், கவட்டைப் பக்கம் துணி வெளுத்து மெலியத் தொடங்கும்போதே தையற்காரரிடம் கொண்டுபோகவும் சொல்லுங்கள். அப்போது உள்ளே ஒரு மெல்லிய துண்டு வைத்து, அதே நீல நூலால் முன்னும் பின்னும் ஓட்டி டார்னிங் செய்தால் வெளியே தெரியாது, இன்னும் வெகுகாலம் வரும். ஓட்டை விழுந்தபின் வந்தால் ஒட்டுதான் போட முடியும். அந்த ஒட்டுக்கு அதே துணி வேண்டும் என்றால், புது ஜீன்ஸை ஒரு முறை துவைத்துச் சுருங்கவிட்டு, அதன் பிறகு கால் நீளத்தைக் குறைக்கக் கொடுங்கள். வெட்டிய துண்டைக் கையோடு கேட்டு வாங்கிப் பேன்ட்டின் பின்பாக்கெட்டிலேயே வைத்துவிடுங்கள். பேன்ட்டோடு சேர்ந்து அதுவும் துவைபட்டு, அதே நிறத்துக்கு ஓரளவு வெளுத்திருக்கும். நான் தைக்கும்போது சாயம் தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
ஆல்டரேஷன் தையற்காரி ஒருவர்